கண்ணாடியின் வெளிப்பக்கம்

மீன் தொட்டியின் கண்ணாடியில் எப்போதும் உள்பக்கமாக விழும் அந்தத் தடம் அன்று வெளிப்பக்கம் விழுந்திருந்தது.

வேலையிலிருந்து திரும்பி, மகளின் காலணியைக் கழற்றிவிட்டு, கூடத்து விளக்கைப் போட்டபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். கட்டைவிரல் அகலத்தில் வளைந்து வளைந்து மேலே ஏறிய ஒரு கோடு, ஓரமெல்லாம் ஊசியால் இழுத்தது போன்ற நுண்ணிய கீறல்கள். பாசியைச் சுரண்டித் தின்னும் மீன் வாயை ஒட்டி ஒட்டி ஊர்ந்தால் இப்படித்தான் விழும். உள்பக்கமாகத்தான் இருக்கும் என்று விரலை வைத்தாள். விரல் நனைந்தது. கோட்டுக்கு இரண்டு பக்கமும் தூசி அப்படியே இருக்க, கோடு போன வழியில் மட்டும் கண்ணாடி பளிங்காக மின்னியது. மகள் ஈரக்கையால் தடவியிருப்பாள் என்று சொல்லிக்கொண்டாள். துணியை எடுத்துத் துடைத்தாள். துணியை மூக்கருகே கொண்டு போனபோது உப்புத் தண்ணீரும் டீசலும் கலந்த வாடை அடித்தது.

தொட்டியில் இருப்பது நல்ல தண்ணீர்.

அந்தத் தொட்டி அவள் கணவன் வாங்கியது. துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுக்கு அடியில் மூழ்கி, இரும்பில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டி எடுப்பது அவன் தொழில். மகளுக்காக முள்மூக்குக் கெளுத்திக் குஞ்சுகள் மூன்றை ஒரு பையில் தண்ணீரோடு தூக்கி வந்தவன், கண்ணாடியில் வாயை அப்பிக்கொண்டு ஊர்ந்த ஒன்றைக் காட்டி, "பாத்தியா, நம்ம தொழில்காரன். என்ன, இவனுக்கு லீவு கிடையாது," என்று அவளைக் குலுங்கிச் சிரிக்க வைத்தான். பிறகு ஒரு நாள் காலை, சாதாரணமாக, சாவியை எங்கே வைத்தாய் என்று சண்டை போட்டுவிட்டு வேலைக்குப் போனான். இடுப்பில் கட்டிய கயிறு மட்டும் மேலே வந்தது. கயிறு அறுந்திருக்கவில்லை. முடிச்சு பதமாக அவிழ்ந்திருந்தது. வாரக்கணக்கில் தேடினார்கள். கடல் எதையும் திருப்பித் தரவில்லை.

அதன்பிறகு அவளுக்கு வீடு என்பது சத்தங்களின் தொகுப்பாகிவிட்டது. அவள் வேலையும் அதுதான். ஒலி புகாத சிறிய அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, "எவ்வளவு சின்னச் சத்தமா இருந்தாலும் பரவாயில்ல, கேட்டா பட்டன அழுத்துங்க," என்று சொல்லி அவர்களின் காது எதுவரை கேட்கிறது என்று அளப்பாள். அப்படிப் பழகிய காது வீட்டிலும் ஓயாது. ஃபில்டரின் முணுமுணுப்பு, காற்றுக்குமிழ்கள் உடைவது, குளிர்சாதனப் பெட்டியின் நடுக்கம், மகளின் மூச்சு என ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்வாள். மீன்கள் கண்ணாடியைச் சுரண்டும் சத்தமும் அவளுக்கு அத்துப்படி. உப்புத்தாளை மெதுவாக இழுப்பது போல் இருக்கும்.

அந்த வாரம் அதே சத்தம் துணி அலமாரியின் கண்ணாடியிலிருந்து கேட்டது.

"அம்மா, ஒருத்தனுக்குத் தாடி மொளச்சிருக்கு," என்றாள் மகள். அவளை எல்லோரும் சிட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்குப் போக ஆரம்பித்த வயது. தொட்டிக்கு முன்னால் முழங்காலிட்டு, மூக்கு சப்பையாகும்படி கண்ணாடியில் முகத்தை ஒட்டியிருந்தாள்.

"யாருக்கு?"

"பானைக்குள்ள இருக்கானே, அவனுக்கு."

தொட்டியின் மூலையில் கிடந்த மண்குழாயைத்தான் சிட்டு பானை என்பாள். அவள் குனிந்து பார்த்தாள். குழாயின் இருட்டுக்குள் மீன் தெரியவில்லை. வாசலை ஒட்டி, கிளைகிளையாக, சதையாலான முட்கள் கொத்தாக அசைந்துகொண்டிருந்தன. இரண்டு மீன்கள் வெளியே மரக்கட்டையின் மேல் கிடந்தன. பழுப்பு உடல், வெளிர் புள்ளிகள், கவசம் போன்ற தோல். குழாயில் இருப்பது மூன்றாவது. பல நாட்களாக அவள் அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மீன்களை விற்ற கடைக்காரருக்குப் போன் செய்தாள். கணவனுக்கு நெடுநாள் பழக்கம் அவர்.

"மூணும் முள்மூக்குதானான்னு மொதல்ல பாத்துக்கங்கம்மா. பெரிய சக்கர் மீனும் குஞ்சுல இதே மாதிரிதான் இருக்கும். முதுகுத் துடுப்பு பாய்மரம் கணக்கா ஒசந்து நின்னா அது வேற ஜாதி. கை நீளத்துக்கு வளந்து தொட்டியவே ரெண்டாக்கிடும்."

"இல்ல, சின்னத் துடுப்புதான். வெளிய ரெண்டு இருக்கு. ஒதட்டோரமா மட்டும் குட்டிக் குட்டியா முள்ளு."

"அப்ப அது ரெண்டும் பொண்ணு. ஆணுக்கு மூக்குல ஆரம்பிச்சு நெத்தி நடு வரைக்கும் புதர் மாதிரி மொளச்சிருக்கும். பாத்தாலே தெரியும்."

"குழாய்க்குள்ள இருக்குறதுக்கு அப்படித்தான் இருக்கு. வெளியவே வர மாட்டேங்குது."

"அட, அப்படின்னா முட்டை இருக்கு!" அவர் குரலில் உற்சாகம் ஏறியது. "கைய கிய்ய உள்ள விட்றாதீங்க. இந்த ஜாதியில பொம்பள முட்டைய வச்சுட்டுக் கெளம்பிடும். அப்புறம் எல்லாமே அப்பன்தான். வாசல அடச்சுப் படுத்துக்கிட்டு, துடுப்பால விசிறிக்கிட்டே கெடப்பான். பொரிஞ்ச குஞ்செல்லாம் வாயால சுவத்துல ஒட்டிக்கிட்டுத் தொங்கும், அதுகளையும் விசிறுவான். பெத்தவளே கிட்ட வந்தாலும் முட்டித் தள்ளிடுவான்னா பாருங்க. நம்ம ஆம்பளைங்க எல்லாம் அவன்கிட்ட டியூஷன் போகணும்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த சத்தம் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

"தீனி?"

"வெள்ளரிக்காய லேசா வேகவச்சு, கனம் கட்டி, வெளக்க அணைச்சுட்டுப் போடுங்க. இருட்டுனாத்தான் சாப்பிட வரும். காலையில மிச்சத்த எடுத்துடணும், இல்லன்னா தண்ணி நாறிடும். மரக்கட்டை இருக்குல்ல? மரத்தச் சுரண்டித் தின்னாத்தான் அதுக்கு வயிறு சரியா இருக்கும். பசிச்சா எதையும் விடாது."

அன்று மாலை வெள்ளரித் துண்டு ஒன்றை முள்கரண்டியில் குத்தித் தொட்டிக்குள் இறக்கி, விளக்கை அணைத்தாள். பெண் மீன்கள் இரண்டும் வந்து கவ்வின. மூன்றாவது வரவில்லை. மறுநாள் காலையில் தொட்டியில் பாதித் துண்டு மிஞ்சியிருந்தது. ஆனால் சமையலறை மேடையில் அவள் நறுக்கி மூடி வைத்திருந்த வெள்ளரியில் தோல் மட்டும் இருந்தது. காகிதம் போல் மெலிந்து, உள்பக்கமெல்லாம் வரிவரியாகக் கீறல்களோடு, ஈரமாக.

எலி, என்று அவள் முடிவு செய்தாள். எலி மூடியைத் திறந்து தின்றுவிட்டுத் திரும்ப மூடியும் வைக்குமா என்ற கேள்வியை அவள் கேட்டுக்கொள்ளவில்லை. சில கேள்விகளைக் கேட்காமல் இருக்கும்வரைதான் ஒரு வீட்டில் குடியிருக்க முடியும்.

பிறகு சிட்டுவின் கட்டில். படுக்கை விரிப்பை மாற்றக் குனிந்தபோது கட்டில் கால் ஒன்று வெளிறித் தெரிந்தது. மெருகு போய், மரம் இழைத்தது போல் பள்ளமாகியிருந்தது. கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் கால். தொட்டால் வழவழவென்று, நாக்கு பட்ட மிட்டாய் போல.

இத்தனைக்கும் நடுவில் குழந்தை நன்றாகத் தூங்கியது. அதுதான் அவளை ஏமாற்றியது. அப்பா போனதிலிருந்து வீறிட்டு எழுந்த பிள்ளை, இப்போது படுத்ததும் உறங்கி, முகம் மலர்ந்து எழுந்தது. காலம் ஆற்றுகிறது என்று அவளும் நினைத்தாள். தன் வயிற்றில் பால் வார்த்தது யார் என்று யோசிக்கவில்லை.

ஒரு மதியம் வேலையிடத்தில், ஆள் வராத நேரத்தில், கருவியைச் சரிபார்க்க அவளே ஒலி புகாத அறைக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த அறையின் மௌனம் அவளுக்குப் பழக்கமானது. முதலில் காதுக்குள் பஞ்சு அடைத்தது போல் இருக்கும், பிறகு தன் இரத்தம் ஓடுவது கேட்கும், பிறகு அதுவும் அடங்கி ஒரு வெறுமை வரும். அன்று வெறுமை வரவில்லை. மாட்டிய ஹெட்போனில், வெகு ஆழத்திலிருந்து, எதையோ தண்ணீரில் அகலமாக அசைப்பது போல் ஒரு சத்தம் வந்தது. விசுக். இடைவெளி. விசுக். இடைவெளி. பொறுமையாக. அவசரமே இல்லாமல். நாடித்துடிப்பாக இருக்கும் என்று மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். அவள் நாடி அதைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்போனைக் கழற்றி, அதன் வயரைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

அது கருவியில் சொருகப்படவே இல்லை.

அன்று மாலை சிட்டுவுக்குத் தலை வாரும்போது நெற்றியில் முடியை விலக்கியவள் நின்றுவிட்டாள். முடி தொடங்கும் இடத்தில் வட்டமாக, வளையல் அளவுக்கு, ஒரு வெளிர்ச் சிவப்புத் தடம். புண் இல்லை, வீக்கமில்லை. அந்த வட்டத்துக்குள் மட்டும் தோல் மிகச் சுத்தமாக இருந்தது.

"இது என்னடி?"

"அப்பா சுத்தம் பண்ணுனாரு."

சீப்பு அவள் கையிலேயே இருந்தது. "எந்த அப்பா?"

"எனக்கு எத்தன அப்பா இருக்காரு?" குழந்தை கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தது. "அப்பாவுக்கும் தாடி வந்துருச்சும்மா. கன்னத்துல குத்துது. வாய் மட்டும் குத்தாது. மெத்துமெத்துன்னு இருக்கும்."

அவன் தாடி வைத்து அவள் பார்த்ததே இல்லை. மூழ்கும்போது மாட்டும் முகக்கவசம் தோலோடு ஒட்ட வேண்டும், ஒரு நாள் முடி இருந்தாலும் தண்ணீர் கசியும் என்று காய்ச்சலில் கிடந்தபோதுகூட எழுந்து மழித்துக்கொள்வான். அப்பாவுக்குத் தாடி என்ற எண்ணம் குழந்தைக்கு எங்கிருந்தும் வந்திருக்க வழியில்லை.

மீனைப் பார்த்துக் கற்பனை செய்கிறாள். அவ்வளவுதான். அவ்வளவேதான்.

"அப்பா வந்து என்ன பண்ணுவாரு?"

"வாசல்ல படுத்துக்குவாரு. காத்து வீசுவாரு." பிறகு சற்றுத் தயங்கி, பெரியவர்களின் ரகசியத்தைச் சொல்லும் குரலில், "நீ உள்ள வந்தா அவருக்குப் புடிக்காதும்மா," என்றது.

அவள் அறைக்கு வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தாள். அக்கா வேறு ஊரில் இருந்தாள். அங்கேயே வந்துவிடச் சொல்லி எத்தனையோ முறை கெஞ்சியவள்.

"வர்றேங்க்கா. நாளைக்கே."

"வா, வா! என்ன திடீர்னு? சரி, எதுவும் கேக்கல. புள்ளையக் கூட்டிட்டு வந்து சேரு. அந்த மீனெல்லாம் யாருகிட்டயாவது குடுத்துடு."

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது கூடத்தில் தொட்டியின் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. யாரோ அப்போதுதான் அதிலிருந்து எழுந்து போனது போல.

அந்த இரவு சிட்டுவைத் தன் படுக்கையில், தன் கைக்குள் வைத்துக்கொண்டு படுத்தாள். விடிந்தபோது குழந்தை தன் அறையில், தன் கட்டிலில் கிடந்தது. சிட்டுவின் இரவு உடையின் தோள் நனைந்திருந்தது.

மறுநாள் மதியம் மழையோடு கடைக்காரர் வந்தார். வாளி, வலை, குடை எல்லாவற்றையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு, "மீன் புடிக்கப் போற எடத்துல எல்லாம் மழை. என் ராசி அப்படி," என்றார். மாலையில் ரயில். பெட்டிகள் கூடத்தில் கட்டித் தயாராக இருந்தன. சிட்டு சாப்பிட்டுவிட்டுத் தன் அறையில் கண்ணயர்ந்திருந்தாள். கதவை அகலத் திறந்து, நாற்காலி ஒன்றை முட்டுக்கொடுத்து வைத்திருந்தாள் அவள்.

அவர் லாவகமாக இரண்டு மீன்களையும் வலையில் ஏந்தி வாளிக்கு மாற்றினார். அவற்றின் முகத்தைத் திருப்பிப் பார்த்து, "பொண்ணு. பொண்ணு," என்றார். பிறகு குழாயின் இரு வாயையும் உள்ளங்கையால் பொத்தி, தண்ணீரோடு வெளியே எடுத்தார். மெல்லச் சாய்த்தார். தண்ணீர் வடிந்தது.

மீன் வரவில்லை.

"மூணாவது எங்கம்மா?"

"அதுக்குள்ளதான் இருக்கு."

அவர் டார்ச்சை உள்ளே அடித்தார். தொட்டியில் மரக்கட்டையைப் புரட்டினார். மணலைக் கிளறினார். ஃபில்டரைக் கழற்றிப் பார்த்து, திரும்ப மாட்டினார். பிறகு மறுபடியும் குழாய்க்குள் பார்த்தவர் அப்படியே நின்றார்.

"முட்டை இருக்கு," என்றார். குரலில் முன்பிருந்த உற்சாகம் இல்லை.

அவள் எட்டிப் பார்த்தாள். உள்சுவரில் கொத்தாக, ஆரஞ்சு நிறத்தில், தெளிந்த மணிகள். ஒவ்வொன்றிலும் ஏதோ நெளிந்தது.

"நல்ல முட்டை. ஒண்ணுகூட வெளுக்கல. ஆண் விசிறலன்னா இதுக்குள்ள பஞ்சு மாதிரி பூஞ்சை புடிச்சு அழுகிப் போயிருக்கணும்." அவர் காலியான தொட்டியைப் பார்த்தார். "மீன் செத்திருந்தா எலும்பாவது, கவசமாவது கெடக்கணும்மா. ஒண்ணுமே இல்ல. அப்ப யாரு விசிறினது?"

 அவர் பதிலுக்குக் காத்திராமல் குழாயை வாளிக்குள் வைத்து, வேகவேகமாகத் துணியால் மூடினார். வாசலில் செருப்பை மாட்டும்போது தரையைப் பார்த்தார்.

"நான் சிந்தலையேம்மா. ஏன் அங்க இவ்வளவு ஈரம்?"

தொட்டியிலிருந்து கூடத்தைக் கடந்து, அகலமாக, ஒரே இழுப்பாக, சிட்டுவின் அறை வரை ஈரம் போயிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கும்போது, முட்டுக்கொடுத்த நாற்காலி கூடத்துச் சுவரோரமாக நகர்ந்திருந்தது. அறைக் கதவு மூடியிருந்தது.

கடைக்காரர் அதைக் கவனித்தாரா என்று தெரியாது. "முட்டைய எடுத்துட்டமே," என்று தனக்குள் சொல்வது போல் சொன்னார். "இப்ப அவன் வெறி புடிச்சாப்ல இருப்பான்." பிறகு மழைக்குள் இறங்கிப் போய்விட்டார்.

மின்சாரம் போனது. ஃபில்டர் நின்றது. குமிழ்கள் நின்றன. வீட்டின் சத்தங்கள் ஒவ்வொன்றாக அணைந்து, கடைசியில் ஒன்று மட்டும் மிஞ்சியது.

விசுக்.

இடைவெளி.

விசுக்.

கதவுக்குப் பின்னாலிருந்து.

"சிட்டு," என்றாள்.  கைப்பிடியைத் திருகினாள். தாழ் போட்டிருக்கவில்லை. ஆனாலும் கதவு நகரவில்லை. தோளால் தள்ளினாள். அது பலகையின் இறுக்கமல்ல. அந்தப் பக்கம் கனமான, மிருதுவான ஏதோ ஒன்று கதவோடு சாய்ந்து கிடந்தது. தள்ளினால் அமுங்கியது. அமுங்கிவிட்டு, நிதானமாக, திருப்பித் தள்ளியது.

"சிட்டும்மா! கதவத் திற!"

"வராதம்மா." குழந்தையின் குரல் தூக்கக் கலக்கத்தில் குழைந்திருந்தது. கட்டில் இருக்கும் திசையிலிருந்து வரவில்லை. மேலேயிருந்து வந்தது. "அப்பா வேணாங்குறாரு."

டீசல் வாடை. துருப்பிடித்த இரும்பின் வாடை. கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் அவள் பாதங்களைத் தொட்டது. சில்லென்று, உப்பாக.

அவள் அவன் பெயரைச் சொன்னாள். அவன் போனபிறகு முதல்முறையாக, சத்தமாக. "என் புள்ளடா அவ. எனக்கும் புள்ளடா. விட்ரு."

விசிறும் சத்தம் நின்றது.

ஒரு நொடி.

கதவின் மறுபக்கம், அவள் முகத்துக்கு நேராக, எதுவோ பலகையில் வாயை ஒட்டியது. உப்புத்தாளை இழுப்பது போல் மெதுவாக ஒரு சுரண்டல். கீழிருந்து மேலே. பிறகு கனம் சற்று விலகியது. அவள் முழு உடம்பையும் கொடுத்துத் தள்ளினாள். ஒரு கை அகலத்துக்குக் கதவு திறந்தது. போன் வெளிச்சத்தை உள்ளே நீட்டினாள்.

கட்டில் காலி.

ஜன்னல் மூடியிருந்தது. தரையெங்கும் தண்ணீர். அதன்மேல் அகலமான, கறுத்த, பளபளக்கும் ஒரு முதுகு வாசலுக்குக் குறுக்கே கிடந்தது. அதன் முடிவு வெளிச்சத்துக்குள் வரவில்லை. முதுகிலிருந்து கை போன்ற ஒன்று விரிந்து, எழுந்து, தாழ்ந்தது. மறுபடி எழுந்தது. அது வீசிய குளிர்காற்று அவள் முகத்தில் அடித்தது. அந்தக் காற்று எதை நோக்கிப் போகிறது என்று வெளிச்சத்தை மெல்ல உயர்த்தினாள்.

சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, சிட்டு. கையும் காலும் பரப்பி, வயிறு சுவரோடு படிய. பிடிமானம் எதுவும் இல்லை. வாய் மட்டும் சுவரில் ஒட்டியிருந்தது. அவிழ்ந்த கூந்தல் தண்ணீருக்குள் இருப்பது போல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அலைந்தது.

"சிட்டு…"

ஈரமாக ஒரு சத்தத்தோடு வாய் சுவரிலிருந்து விடுபட்டது. குழந்தை தலையை மட்டும் திருப்பி, வெளிச்சத்தையும் அதன் பின்னால் இருந்த பெண்ணையும் பார்த்தது. யாரென்று தெரியாத பார்வை. பிறகு திரும்பி, நிம்மதியாகக் கண்ணை மூடி, வாயைச் சுவரில் பொருத்திக்கொண்டது.

கதவு அவளை முட்டி வெளியே தள்ளிவிட்டு மூடிக்கொண்டது. உள்ளே, அவசரமே இல்லாமல், விசிறும் சத்தம் மறுபடி தொடங்கியது.